மருமகன் சுட்ட புள்ளிமானும் என் வாழைத்தோட்டத்துப் பன்றியும்

கேள்வி: களக்காட்டு வாழைக்காரன்

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் ஏத்தன் வாழை இருக்கிறது. பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு தோட்டமே கதியென்று கிடக்கிறேன். மேற்கு வரப்பில் ஏறி நின்றால் புலிகள் காப்பகத்தின் எல்லைக்கல் கண்ணில் படும், அவ்வளவு பக்கம். இரவில் பன்றிக் கூட்டம் இறங்கினால், ஐந்து மாதக் கன்றுகளைச் சாய்த்துக் கிழங்கை மட்டும் தின்றுவிட்டு, தண்டை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடும். காலையில் போய்ப் பார்த்தால், யாரோ ஆள் வைத்து வரிசையாக வெட்டிச் சாய்த்தது போலக் கிடக்கும்.

என் தந்தையார் பயிர்க்காவலுக்கென உரிமம் வாங்கி வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி அவருக்குப் பின் என் பெயருக்கு மாறியது. குழல் வாயில் மருந்தைப் போட்டுக் கம்பியால் இடிக்கும் பழைய வகை. இத்தனை ஆண்டுகளில் நான் அதை வைத்துச் செய்ததெல்லாம் வானத்தைப் பார்த்து வெற்று வேட்டுப் போட்டதுதான். முதல் வருடம் பன்றிகள் காட்டுக்குள்ளே ஓடின. அடுத்த வருடம் வரப்பு வரைக்கும் ஓடின. இப்போது தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கிழங்கைத் தோண்டப் போய்விடுகின்றன. அந்த வேட்டும் எப்போதும் கையில் இருப்பதில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலை மார்ச் மாதம் அறிவித்ததும் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தேன்; ஏப்ரலில் வாக்களித்து, ஜூன் 4-இல் எண்ணி முடித்த பிறகுதான் அது வீடு வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை மகன் ஆறு ஆண்டுகளாக டெக்சாஸில் கணினி வேலையில் இருக்கிறான். சென்ற வாரம் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். முழங்காலிட்டு உட்கார்ந்து, செத்துக் கிடக்கும் ஒரு மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். அமெரிக்க மான் என்றுதான் முதலில் நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, ஒவ்வொரு கொம்பிலும் மூன்று கிளை. முண்டந்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சாலையோரம் நிற்குமே, அதே புள்ளிமான். அது எப்படியடா அங்கே வந்தது என்று கேட்டதற்கு அவன், “அதெல்லாம் தெரியாது மாமா, உரிமம் வாங்கித்தான் சுட்டேன், துப்பாக்கியும் என்னுடையதுதான், இங்கே அது உரிமை. உங்களுக்கும் அப்படி ஓர் உரிமை இருந்திருந்தால் இத்தனை வாழை போயிருக்குமா?” என்றான். குளிர்காலத்தில் எங்களை அங்கே வரச் சொல்லியிருக்கிறான். என்னையும் வேட்டைக்கு அழைத்துப் போவானாம்.

துப்பாக்கி வைத்திருப்பதை உரிமை என்று அவன் சொல்வது சரியான பேச்சுதானா? வயிற்றுக்காகவும் இல்லாமல், பயிரைக் காக்கவும் இல்லாமல், பொழுதுபோக்காக ஓர் உயிரைச் சுடுவதை எப்படி எடுத்துக்கொள்வது? நான் சைவன் அல்லன். கோயில் கொடைக்குக் கிடா வெட்டும் குடும்பத்தில் பிறந்தவன். ஆகையால் கொல்லாமை ஒன்றை மட்டும் சொல்லி முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


பதில்: பாளையங்கோட்டை வழக்கறிஞர்

அண்ணாச்சி, துப்பாக்கியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றது என் தொழிலுக்கு அப்பாற்பட்டது.

ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாம் திருத்தம் 1791-இல் வந்தது. அது குடிமக்கள் திரண்டு அமைக்கும் குடிப்படைக்காக எழுதப்பட்டதா, தனிமனிதருக்காகவா என்ற வழக்கு நெடுங்காலம் இழுபட்டது. 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு வாஷிங்டன் நகரத்து வீட்டில் வைக்கும் கைத்துப்பாக்கியைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். வேட்டை என்பது அங்கே மாநிலங்களின் கையில் இருக்கிற வேறொரு விஷயம். டெக்சாஸ் மக்கள் 2015-இல் வாக்களித்து, வேட்டையாடும் உரிமையைத் தங்கள் மாநிலச் சாசனத்திலேயே தனியாகச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் அதற்குத் தேவையே எழுந்திருக்காது.

உங்கள் மருமகன் கிரீன் கார்டு வாங்காமல் வேலை விசாவில் இருப்பவர் என்றால், அவர் பேசும் உரிமையின் கனம் இன்னும் குறைந்துவிடும். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அங்குள்ள கூட்டாட்சிச் சட்டம். அதற்குள்ள சில விலக்குகளில் அவரைப் போன்றவருக்குப் பொருந்துவது, ஏதேனும் ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. அந்தக் காகிதம் காலாவதியானால் அவருடைய துப்பாக்கியும் சட்ட விரோதமாகிவிடும். ஆகவே அவரும் உங்களைப் போல உரிமத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காலம் தள்ளுகிறவர்தான்.

நம் பக்கத்துக் கதை வேறு. 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801-இல் ஊமைத்துரையின் எதிர்ப்பையும் ஒடுக்கிய பிறகு, அந்த ஆண்டு டிசம்பரில் கம்பெனி அரசு வெளியிட்ட பிரகடனம், பாளையங்களைச் சேர்ந்தவர்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டது. நாடு முழுவதற்குமான ஆயுதச் சட்டம் 1878-இல்தான் வந்தது. அது நெல்லைச் சீமைக்கு முக்கால் நூற்றாண்டு முன்னதாகவே வந்துவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விடுதலைக்குப் பிறகும் நம்மவர்கள் ஆயுதத்தை உரிமையாக்கவில்லை. நம் சாசனத்தின் அடிப்படை உரிமைகளில் ஆயுதம் என்ற சொல் வருவது 19-ஆம் பிரிவில், அமைதியாகவும் “ஆயுதமின்றியும்” கூடும் உரிமையைச் சொல்லுமிடத்தில்.

இருந்தாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை நிதானமாகப் படித்தால் ஒன்று தெரியும். பல வகைத் துப்பாக்கிகளுக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். உண்மையான பயிர்க்காவலுக்கென வாய்வழி மருந்திடும் துப்பாக்கி கேட்பவருக்கோ, மறுப்பதற்கான காரணம் ஏதுமில்லையென்றால், உரிமம் வழங்கியே ஆக வேண்டும் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருக்கிறது. உரிமைக்கு மிக அருகில் வருவது உங்கள் தந்தையாரின் அந்தப் பழைய ஒற்றைக்குழல்தான், அண்ணாச்சி.

ஆனால் அந்த உரிமம் துப்பாக்கிக்குத்தான், பன்றிக்கு அன்று. பன்றி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. உயிருக்கோ பயிருக்கோ கேடு என்றால் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்தவரோ அனுமதி தரலாம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். எல்லைக்கல் கண்ணில் படும் தோட்டம் உங்களுடையது என்பதால் இந்த ஆணையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது.


பதில்: கன்னி நாய் வளர்ப்பவன்

எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாக நாய்களைக் கூட்டிக்கொண்டு முயல் வேட்டைக்குப் போயிருக்கிறோம். துப்பாக்கியே கிடையாது, நாயின் கால் வேகமும் முயலின் கால் வேகமும்தான். அது பொழுதுபோக்கும் இல்லை, வியாபாரமும் இல்லை, ஊர் வழக்கம். அதை நிறுத்திய சட்டம், ஏரி குளங்களில் வலை விரித்துக் கொக்கு பிடித்து விற்பவர்களை மட்டும் ஏன் கண்டுகொள்வதில்லை?


பதில்: பாளையங்கோட்டை வழக்கறிஞர்

தம்பி, நாயை ஏவித் துரத்துவதும் சட்டத்தின் பொருள்படி வேட்டைதான். கொக்குக்கு வலை விரிப்பதும் குற்றம்தான். ஒன்றைப் பிடிக்காமல் விட்டதால் மற்றது நியாயமாகிவிடாது. சிவராத்திரியை ஒட்டி முயல் வேட்டைக்குப் போகும் வழக்கம் இருக்கிறது, அந்த நாள் நெருங்குகிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.


பதில்: ஓய்வு பெற்ற வனக்காவலர்

நான் களக்காடு, முண்டந்துறை இரண்டு பக்கமும் வேலை பார்த்தவன். சட்டத்தை வழக்கறிஞர் ஐயா சொல்லிவிட்டார். காட்டில் கண்டதும் கேட்டதுமாக இரண்டு காரியங்களை மட்டும் நான் சொல்கிறேன்.

களக்காட்டில் தலையணை என்னும் இடத்துக்கு மேலே ஓடையில் ஒருநாள் கொம்பன் பன்றி ஒன்று கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. ஆளைக் கண்டும் எழுந்திருக்கவில்லை. சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்ப் பார்த்தபோது கீழ்த்தாடை இல்லை. செய்தித்தாளில் அவுட்டுக்காய் என்று எழுதுவார்கள். பண்டத்துக்குள் மருந்தை உருட்டி வைத்து, கடித்தால் வெடிக்கிற வெடி. தண்ணீர் குடிக்கவும் வாய் இல்லாமல், எரிச்சல் தாங்காமல் தண்ணீரிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. புண்ணில் புழு வைத்திருந்ததைப் பார்த்தால் வெடித்து மூன்று நான்கு நாள் ஆகியிருக்கும். மேலிடத்துக்குத் தகவல் சொல்லி அவர்கள் வந்து சேர்வதற்குள் அது செத்துப்போனது. வெடி வைத்தவன் அந்தப் பன்றியை மறந்தே போயிருப்பான். அவனுக்குக் கிடைத்த பன்றியைத்தான் அவன் கணக்கில் வைப்பான். கிடைக்காமல் போனதற்கு அவனிடம் கணக்கே கிடையாது.

இன்னொன்று, நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு முதியவர் சொன்னது. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் காட்டைப் பம்பாய் பர்மா கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டு, மாஞ்சோலைப் பக்கம் தேயிலை வந்த பிற்பாடு, துரைமார் வேட்டைக்குப் போகும்போது அவர் காடு கலைக்கப் போனவர். தட்டையும் டின்னையும் அடித்து மிளா மானைத் துரை நிற்கிற பக்கமாக ஓட்டிவிட வேண்டும். துரை சுடுவார், விழுந்தால் படம் பிடித்துக்கொள்வார், விழாமல் ஓடினால் பங்களாவுக்குத் திரும்பிவிடுவார். அடிபட்ட மிருகத்தின் ரத்தத் தடம் பார்த்துப் புதருக்குள் இறங்குகிற வேலை, கையில் வெறும் கம்பு வைத்திருக்கிற இவர்களுக்கு. “சுட்டது அவரு, தேடுனது நாங்க” என்று பெரியவர் சொல்லிவிட்டு வெற்றிலையை மடக்கினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொழுதுபோக்கா, தேவையா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் பார்த்தவரையில் பசித்துச் சுட்டவனும் தேடாமல் போயிருக்கிறான். பயிருக்காகச் சுட்டவன் பெரும்பாலும் தேடியதே இல்லை, வயலைவிட்டுப் போனால் போதும் என்று இருந்துவிடுவான். உங்கள் துப்பாக்கியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டம் நாளைக்கே அனுமதித்தாலும், அந்த மருந்துக் குழலில் ஈயக்குண்டைப் போட்டு இருட்டில் பன்றியைச் சுட்டால், அது சாகாமல் தொடையில் குண்டோடு உங்கள் வாழைக்குள்ளேயே படுத்திருக்கும். விடிந்ததும் தண்ணீர் பாய்ச்ச வருகிற ஆள்மேல் பாயும். அப்படி ஒருவருக்குத் தொடையில் இருபது தையல் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். மருமகப்பிள்ளை அனுப்பிய படத்தில் மானுக்குக் குண்டு எங்கே பட்டிருக்கிறது?


பதில்: சுரண்டைப் பெண், சான் அன்டோனியோ

அண்ணாச்சிக்கு வணக்கம். பதினோரு வருடங்களாக இங்கே இருக்கிறேன். என் கணவரும் வேட்டைக்குப் போகிறவர்.

முதலில் அந்த மான் வந்த கதை. 1930-களில் இங்குள்ள பெரிய பண்ணைக்காரர்கள் வெளிநாட்டு விலங்குகளை வரவழைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். வேலி தாண்டிய புள்ளிமான்கள் ஹில் கண்ட்ரி என்னும் குன்றுப் பகுதியில் பெருகிவிட்டன. நம் வல்லநாட்டுச் சரணாலயத்தில் கண்ணும் கருத்துமாகக் காக்கப்படுகிறதே வெளிமான், அதுவும் இங்கே ஆயிரக்கணக்கில் மேய்கிறது; காசு கட்டினால் சுடலாம். இவை இம்மண்ணின் மான்கள் அல்ல என்பதால் பருவக் கட்டுப்பாடு இல்லை, இத்தனைதான் என்ற எண்ணிக்கையும் இல்லை. உள்ளூர் வெள்ளைவால் மானின் தீனியைப் புள்ளிமான் பறித்துக்கொள்கிறது என்பது உண்மையே. ஆகவே அதைச் சுடுவது இங்குள்ள காட்டுக்கு நல்லது என்று சொல்வார்கள். அதே புள்ளிமான் முண்டந்துறையில் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. இங்கே அதைத் தின்னத் துப்பாக்கிக்காரரை விட்டால் பெரிதாக ஆளில்லை.

ஆனால் வேட்டை என்று சொன்னவுடன் காட்டில் தடம் பார்த்துப் பதுங்கிப் போவதாக நினைத்துவிடாதீர்கள். நான் ஒரே ஒருமுறை போனேன். நான்கு கால்மேல் நிற்கும் பெட்டி போன்ற ஒரு பரண். உள்ளே சுழல் நாற்காலி, சிறிய கணப்பு. எதிரே நூறு கெஜத்தில் ஒரு பீப்பாய் தொங்குகிறது. அதில் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். விடிகாலையில் குறித்த நேரத்துக்கு அது கிர்ரென்று சுழன்று மக்காச்சோளத்தை இறைக்கிறது. சத்தம் கேட்ட இரண்டு நிமிடத்துக்குள், பள்ளி மணி அடித்தது போல, மான்கள் வரிசையாக வந்து நின்றன. நம் வீட்டில் கோழிக்குத் தவிடு வைக்கும்போது ஓடிவருமே, அதேதான். பிறகு என் கணவர் சுட்டார். ஒரே குண்டு, மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. அதை வயிற்றைக் கிழித்துக் குடல் எடுத்துத் தோலுரித்துக் கூறு போட மதியம் ஆகிவிட்டது. அந்தக் கறியைத்தான் அடுத்த நான்கு மாதம் தின்றோம். கடையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வரும் கறியைவிட அதை மரியாதையோடு தின்றேன் என்பதையும் மறைக்கவில்லை.

வேட்டைக்காரர்கள் தங்கள் பக்க நியாயமாக வரியைச் சொல்வார்கள். நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி. 1937-இல் வந்த சட்டப்படி அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்குப் போகிறது. அதனால் மீண்ட விலங்குகள் பல என்பது மெய். அவற்றை அழித்ததும் முன் தலைமுறை வேட்டைதான் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுவார்கள். வானத்தையே மறைத்துப் பறந்த பயணிப் புறா என்ற இனத்தைச் சுட்டே தீர்த்தார்கள். கடைசிப் புறா 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் செத்தது.

வனக்காவலர் ஐயா சொன்னதைப் படித்த பிறகு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சுட்டுக் காயப்படுத்திய விலங்கைத் தேட நியாயமான முயற்சி எடுக்காமல் விட்டுவிடுவது டெக்சாஸ் சட்டப்படி குற்றம். ஆனால் அந்தச் சட்டம் வேட்டை விலங்கு என்று பட்டியலிட்டவற்றுக்குத்தான். வெள்ளைவால் மான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வந்தேறியான புள்ளிமான் இல்லை. அதைத் தேடுவதும் விடுவதும் சுட்டவருடைய மனசாட்சியோடு போய்விடுகிறது.

நீங்கள் வருவதாக இருந்தால், 1971 செப்டம்பர் 2-க்கு முன் பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்புகூடக் கட்டாயமில்லை. நாற்பது வருடம் பாடம் நடத்தியவருக்கு வகுப்பிலிருந்து விலக்கு! எங்கள் வீட்டுத் துப்பாக்கிகள் இரும்புப் பெட்டியில் பூட்டியிருக்கும், சாவி என்னிடம். கைத்துப்பாக்கி வேண்டாம் என்று திருமணமான புதிதிலேயே சொல்லிவிட்டேன். நீங்கள் வந்தால் மருமகனோடு எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் வாருங்கள், சொதி வைக்கிறேன்.


பதில்: களக்காட்டு வாழைக்காரன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வனக்காவலர் ஐயா கேட்ட கேள்விக்காக அன்றிரவே படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முன்தொடைக்குப் பின்னால் ஒரு காயம், அது புதிது. பின்தொடையில் இன்னொன்று, அதைச் சுற்றி ரத்தம் கறுத்துக் காய்ந்து, மயிர் ஒட்டிப்போயிருந்தது. முதலில் பார்த்தபோது நான் புள்ளிகளைத்தான் எண்ணினேனே தவிர இதைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் அழைத்தபோது கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான். முதல் குண்டு மாலையில் சுட்டதாம். மான் நொண்டிக்கொண்டே வேலியைத் தாண்டி அடுத்த பண்ணைக்குள் போய்விட்டதாம். அங்கே நிலம் தனியாருடையது. உரிமையாளர் சம்மதம் இல்லாமல், காயம்பட்டதைத் தேடுவதற்காகக்கூட உள்ளே கால் வைக்கக் கூடாதாம். அந்த மனிதருக்கு இரவெல்லாம் தொலைபேசி அடித்திருக்கிறான். அவர் காலை ஏழு மணிக்குத்தான் எடுத்தாராம். இவன் வேலிக்கு இந்தப் பக்கம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். விடிந்து போய்ப் பார்த்தபோது ஓடைக்கரையில் உயிரோடு படுத்திருந்ததாம். அங்கே வைத்துத்தான் இரண்டாவது குண்டு. படத்துக்கு ஏன் சிரித்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. “படம் எடுத்தது நண்பன், மாமா” என்று அவனே சொன்னான்.

வழக்கறிஞர் தம்பி, உங்கள் விளக்கத்தையும் அவனிடம் படித்துக் காட்டினேன். வேட்டை உரிமத்தின் தேதியை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

டிசம்பரில் நானும் என் மனைவியும் போவதாக முடிவு செய்திருக்கிறோம். பரணில் அவனோடு உட்காருவேன். துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், அவனும் சரி என்றான். பக்கத்துப் பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி வைத்தால்தான் இனி அந்தப் பக்கம் சுடுவேன் என்றும், நான் கேட்காமலேயே சொன்னான். நாங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்குத் தோட்டக் காவலுக்கு மைத்துனர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கு முன்னால் மேற்கு வரப்பு முழுவதும் பழைய சேலைகளைக் கட்ட வேண்டும். ஆள் வாடையும் காற்றில் துணி ஆடுவதும் சில நாளைக்காவது பன்றியை நிறுத்தும் என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொல்கிறார்கள். வீட்டில் பதினான்கு சேலை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் இருபது சேலையாவது வேண்டும்.